கயிறு குறுக்கே போக வேண்டிய இடம்

என் வீட்டுக்காரருக்குக் கயிறு குறுக்கே போனால் ஆகாது. கொடியில் நான் காயப்போட்ட சேலையின் ஒரு முனை இன்னொன்றின் மேல் ஏறிக் கிடந்தால்கூட நின்று நேராக்கிவிட்டுத்தான் வெளியே போவார். சின்ன வயதில் கரைவலை இழுத்த கை அது. கரையில் ரெண்டு அணியாக ஆட்கள் நின்று, வலையின் ரெண்டு பக்கக் கயிற்றையும் ஒரே சீராக இழுத்து வருவார்கள். வலது கயிறு வலது அணிக்கு, இடது கயிறு இடது அணிக்கு. ஒன்றை ஒன்று தாண்டிவிட்டால் வலை முறுக்கிக்கொள்ளும், உள்ளே கிடந்த மீனெல்லாம் வந்த வழியே கிளம்பிவிடும். அப்படி ஒருநாள் அவர் கயிற்றைத் தாண்டவிட்டு ஊர் முன்னால் வாங்கின திட்டு, இத்தனை வருஷம் கழித்தும் அவர் முதுகில் உட்கார்ந்திருக்கிறது.

கடலை விட்டுவிட்டுக் கேபிள் டிவி தொழிலுக்கு வந்தார். டிவி போய் இப்போது இன்டர்நெட். பாம்பன் பக்கத்தில் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு லைன் இழுத்திருப்பது நாங்கள்தான். நாங்கள் என்றால் அவரும் நானும். கம்பத்தில் ஏறுவது அவர், திட்டு வாங்குவது நான். நெட் நின்றால் ஊரே என் போனுக்குக் கூப்பிடும். சரியாகிவிட்டால் அவருக்கு டீ வாங்கிக் கொடுக்கும். இந்த ஏற்பாடு எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. அதனால் கண்ணாடி இழையை ஒட்டவைக்கிற மெஷின் வாங்கின அன்றைக்கே அதை என் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டேன். பூக்கட்டிப் பழகின விரலுக்கு அது ஒன்றும் பெரிய வேலை இல்லை. அவர் விரல்களோ ஒவ்வொன்றும் ஒரு துடுப்பு.

தெரியாதவர்களுக்காக இந்த ஃபைபர் சமாச்சாரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை, அதற்குள் வெளிச்சம் ஓடும், அந்த வெளிச்சத்தில்தான் நம் படமும் பேச்சும் போகிறது. இப்போது வருகிற பெட்டிகளில் போக்கும் வரத்தும் ஒரே இழையில் நடந்துவிடும். எங்களிடம் மிச்சம் கிடந்தவை பழைய ஜாதி. ஒவ்வொரு பெட்டியிலும் ரெண்டு துளை. வலது பக்கத்துத் துளை வெளிச்சத்தை அனுப்பும், அது டிஎக்ஸ். இடது பக்கத்துத் துளை வாங்கிக்கொள்ளும், அது ஆர்எக்ஸ். ஒன்று வாய், ஒன்று காது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பெட்டியின் வாய் அந்தப் பெட்டியின் காதுக்குப் போக வேண்டும். வாய்க்கு வாய் வைத்துக் கட்டினால் ரெண்டும் பேசிக்கொண்டே இருக்கும், ஒன்றுக்கும் கேட்காது. அதனால் நீல இழையை ஒரு முனையில் வலது துளையில் சொருகினால், எதிர் முனையில் அதே நீலத்தை இடது துளையில் சொருக வேண்டும். ஆரஞ்சு இழைக்கு அப்படியே தலைகீழ். அதாவது கயிறு குறுக்கே போயே ஆக வேண்டும்.

இது அவருக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரியும். கேட்டால் நாலு பேருக்கு வகுப்பே எடுப்பார். ஆனால் தெரிந்தது அவருக்கு, அவர் கைக்கு இல்லை. பெட்டி முன்னால் உட்கார்ந்தால் கை தானாக நீலத்தை வலது பக்கமும் ஆரஞ்சை இடது பக்கமும் வைத்து, அழகாகச் சீராக்கி, ஒரு தட்டும் தட்டிவிடும். எதிர் முனைக்குப் போய் அங்கேயும் அதையே செய்யும். ஐஸ் பேக்டரிக்கு லைன் கொடுத்தபோது ஒரு மத்தியானம் முழுக்கத் தேடினோம். இழை உடைஞ்சிருக்கா, எலி கடிச்சிருக்கா, கரண்ட் இருக்கா என்று எல்லாம் பார்த்தார். துளையை மட்டும் பார்க்கவில்லை. கடைசியில் நான் ஒரு பக்கம் மாற்றிச் சொருகினேன், பச்சை லைட் எரிந்தது. எரிந்ததும், இப்பத்தான் அங்கன கரண்ட் சரியா வந்திருக்கு போல என்றார்.

அன்றைக்கு வீட்டில் ஒரு சட்டம் போட்டோம். லைட் எரியாவிட்டால் லைன் போகிற இடத்தில் இருப்பவர்தான் இழையை மாற்றிச் சொருக வேண்டும். எங்கள் கேபிள் ரூமில் இருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். ரெண்டு பேரும் மாற்றினால் பழைய கதைதான் என்பதால் இந்தச் சட்டம். சட்டம் போட்டது நான், ஒப்புக்கொண்டது அவர். சண்டை இல்லாத நாட்களில் அது ஒழுங்காக நடந்தது.

சண்டை வந்தது என் அண்ணன் மகள் கல்யாணத்தன்று.

அண்ணன் வளைகுடா நாட்டில் ஒரு படகில் மீன்பிடி வேலைக்குப் போயிருந்தார். மகளுக்குப் பக்கத்து மண்டபம் ஊரில் மாப்பிள்ளை அமைந்தது. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் வேதக்கோயிலில் கல்யாணம் கிடையாது, அதற்கு முன்னால் முடித்தாக வேண்டும். அண்ணன் லீவு கேட்டார், முதலாளி தரவில்லை. கோயிலில் மூன்று ஞாயிறும் ஓலை வாசித்துக் கல்யாணத்தை அறிவித்தாகிவிட்டது, இனித் தள்ளிப்போடவும் முடியாது. மதினி அழுதார். அண்ணன் போனில் எல்லாரையும் சமாதானம் பண்ணினார். படகு அன்றைக்குத் துறைமுகத்தில்தான் நிற்கும், அங்கே நெட் உண்டு, பூசை முடிகிற வரைக்கும் கிளம்ப மாட்டோம் என்று படகுத் தலைவர் வாக்குக் கொடுத்திருக்கிறார், நான் வீடியோவில் நின்று பார்த்துக்கொள்கிறேன் என்றார். கல்யாணப் பொண்ணு, அண்ணன் மகள் என்பதால் எனக்கு மருமகள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு என்னிடம் தனியாக வந்தாள்.

"அத்தை, அப்பா முகம் தெரியாம நான் சம்மதம்னு வாயைத் தொறக்க மாட்டேன். பங்குச் சாமிகிட்டயும் சொல்லிட்டேன்."

எங்கள் வம்சத்துப் பெண் சொன்னால் சொன்னதுதான். அந்த வம்சத்தில் நானும் இருக்கிறேன் என்பதால் எனக்கு அது நன்றாகத் தெரியும்.

கோயில் கடலை ஒட்டி நிற்கிறது. அங்கே செல்போன் சிக்னல் சாதாரண நாளிலேயே நொண்டும். கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு போனை நீட்டினால் படம் ஒரு எட்டுகூட எடுத்து வைக்காது. அதனால் ரோட்டோரம் இருக்கிற எங்கள் கேபிள் ரூமிலிருந்து கோயிலுக்கு ஃபைபர் இழுப்பது என்று முடிவு செய்தோம். அண்ணனுக்கு நாங்கள் செய்கிற சீர் இதுதான் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பனைமரம், கரண்டுக் கம்பம், நூலகத்துச் சுவர் என்று பிடித்துப் பிடித்து லைன் கோயில் வரைக்கும் வந்தது. ஒட்டுகிற வேலையெல்லாம் நான் முடித்தேன். வீட்டு டிவியைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் நிறுத்தினோம். அதற்குக் கீழே லேப்டாப். பெட்டியைச் சாமியார் உடுப்பு மாற்றுகிற சின்ன அறையில் அலமாரி மேல் வைத்தோம்.

காலையில் அந்தப் பெட்டியில் இழையைச் சொருகும்போது பிடித்தது சனியன். பட்டு வேட்டி கட்டி, சென்ட் அடித்து, முகத்தை ரொம்பப் பொறுப்பாக வைத்துக்கொண்டு அவர் அலமாரி முன்னால் நின்றார். சிலுவை போட்டுக்கொண்டார். நீலத்தை எடுத்து வலது துளையில் வைத்தார். நான் பின்னாலிருந்து, கேபிள் ரூம்ல எப்படிச் சொருகியிருக்கீக என்று கேட்டேன். ஒழுங்காத்தான் என்றார். அவர் வாயில் ஒழுங்கு என்ற வார்த்தை வந்தால் நேராகச் சொருகியிருக்கிறார் என்று அர்த்தம். அப்ப இங்கன மாத்திப் போடுங்க என்றேன். எனக்குத் தெரியும் என்றார். தெரிஞ்சா ஏன் ஐஸ் பேக்டரியில மத்தியானம் பூரா எலியத் தேடுனீக என்றேன். அந்த அறையில் கோயில் வேலை பார்க்கிற உபதேசியார் மெழுகுவர்த்தி எண்ணிக்கொண்டிருந்தார். அவர் சிரித்துவிட்டார். நான் கேட்டதைவிட உபதேசியார் சிரித்ததுதான் இவருக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும்.

இனி இந்தப் பெட்டியை நீ தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கேபிள் ரூமுக்குப் போய்விட்டார். நான் ஏன் தொடுகிறேன், யார் சொருகினார்களோ அவர்களே வந்து பிடுங்கட்டும் என்று நானும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பட்டுச் சேலைக்கு அந்த நிற்பு எடுப்பாக இருந்தது.

பூசைக்கு மணி அடித்தார்கள். கூட்டம் எழுந்து நின்றது. பெட்டியில் கரண்டு லைட் எரிந்தது, லிங்க் லைட் இருட்டாக இருந்தது. டிவியில் நீலத் திரை. பொண்ணு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள், வருகிற வழியெல்லாம் மாப்பிள்ளையைப் பார்க்காமல் டிவியையே பார்த்துக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை பாவம், கோட்டு சூட்டு போட்டு வேர்த்து ஊற்ற, தன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

பங்குச் சாமியாருக்கும் எனக்கும் ஒரு பேச்சு இருந்தது. பிரசங்கம் முடிந்ததும் சம்மதம் கேட்கிற சடங்கு. படம் வந்ததும் நான் கதவோரம் வந்து தலையை ஆட்டுவேன். அதுவரைக்கும் அவர் பிரசங்கத்தை நீட்ட வேண்டும். அவர் சுருக்கமாகப் பேசுகிறவர். மீன் பிடிக்கப் போகிற ஊரில் நீளமாகப் பேசினால் ஆள் நிற்காது என்பது வந்த புதிதிலேயே அவருக்குப் புரிந்திருந்தது. அன்றைக்குக் கானாவூர்க் கல்யாணத்தில் இயேசு ஜாடித் தண்ணீரைத் திராட்சை ரசமாக்கின கதையில் ஆரம்பித்தார். வழக்கமாக அங்கேயே முடிந்திருக்கும். என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டவில்லை. அந்த ஜாடிகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

நான் அலமாரி மேல் இருந்த இருட்டு லைட்டைப் பார்த்தேன். பிறகு கதவு வழியாக என் மருமகளின் முதுகைப் பார்த்தேன். வெள்ளைச் சேலைக்குள் அந்த முதுகு விறைத்துக்கொண்டு நின்றது. கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற என் கௌரவம் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. தொடாதே என்று அவர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று ரெண்டு இழையையும் உருவினேன். நீலத்தை இடது துளைக்கும் ஆரஞ்சை வலது துளைக்கும் மாற்றிச் சொருகினேன்.

லைட் எரிந்தது. பச்சையாக, அழகாக எரிந்தது. நான் கதவுப் பக்கம் திரும்பித் தலையை ஆட்டப் போனேன். திரும்பிப் பார்த்தால் அணைந்திருந்தது.

முனை சரியாக உட்காரவில்லை போல என்று அழுத்திப் பார்த்தேன். உருவி, துடைத்து, திரும்பச் சொருகினேன். ஒன்றும் இல்லை. வெளியே சாமியார் ஜாடிகளை முடித்துக்கொண்டு கலிலேயாக் கடலுக்குப் போயிருந்தார். கடலும் வலையும் நம் ஊருக்குத் தெரிந்த விஷயம் என்பதால் கொஞ்ச நேரம் ஓடும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. ஒருவேளை முதலில் இருந்ததுதான் சரியோ, அவசரத்தில் நான்தான் கெடுத்துவிட்டேனோ என்று பயந்து பழையபடியே மாற்றினேன். மறுபடி லைட் எரிந்தது. நான் மூச்சை விடுவதற்குள் மறுபடி அணைந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெட்டி கெட்டிருந்தால் லைட் எரியவே எரியாது. தப்பாகச் சொருகியிருந்தாலும் எரியாது. எரிந்து அணைகிறது என்றால், நான் சரி செய்த அடுத்த நிமிஷம் எதிர் முனையில் ஒரு கை அதைப் பிடுங்குகிறது. அங்கே கேபிள் ரூமில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருக்கிற அந்த மனுஷன், தொழில் தொடங்கின நாளிலிருந்து தன் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன், நான் சொன்னது சரி என்று மனசுக்குள் ஒப்புக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் இழையை மாற்றிச் சொருகிக்கொண்டிருக்கிறார். அதுவும் நான் மாற்றுகிற அதே நேரத்தில். சட்டம் போட்ட நானே சட்டத்தை மறந்துவிட்டேன், அவரும் மறந்துவிட்டார். ஒரே சமயத்தில் ரெண்டு பேரும் விட்டுக்கொடுத்தால் வீடு எப்படி நடக்கும்?

எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. அவர் மேல் ரொம்பப் பாசமாக இருந்தது. அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று என் போனை எடுத்தேன். சிக்னல் இல்லை. உபதேசியார் சட்டைப்பையில் பட்டன் போன் ஒன்று உண்டு. ஊரில் எந்தப் போனும் எடுக்காத இடத்தில் அது எடுக்கும், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. சாடை காட்டிக் கூப்பிட்டு, கேட்காமலே அதை உருவிக்கொண்டேன். யார் முதலில் பேசுவது என்று காலையிலிருந்து நாங்கள் நடத்தின போட்டியில் நான் தோற்றேன். ஆனால் அவர் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார் என்பதால் அதைச் சமநிலை என்றே நான் கணக்கில் வைத்திருக்கிறேன்.

நான் மாத்திட்டேன் என்றேன். அதே நேரத்தில் அவரும் நான் மாத்திட்டேன் என்றார். எத்தனை தடவை என்று கேட்டார். சொன்னேன். நானும் அத்தனை தடவைதான் என்றார். அப்ப நீ கையை எடு, நான் இங்கன மாத்துறேன் என்றார். நீங்க கையை எடுங்க, நான் மாத்துறேன் என்றேன். நான் கிட்டத்துல இருக்கேன் என்றார். பெட்டி ரெண்டு பக்கமும் இருக்கு, என்ன கிட்டத்துல என்றேன். யார் சும்மா இருப்பது என்பதற்கு இப்படி ஒரு சண்டை நடந்தது. வெளியே சாமியார் வலை கிழிகிற இடத்துக்கு வந்து, அதைத் தைக்கிற விதத்தையே விளக்கிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஒரு பெரியவர், அந்த முடிச்சு அப்படி இல்ல சாமி என்று சொல்லிவிடுவார் போல உட்கார்ந்திருந்தார். பந்தலிலிருந்து பிரியாணி மாஸ்டர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நான் குரலைத் தணித்துக்கொண்டேன்.

"பொண்ணு டிவியப் பாத்துக்கிட்டு நிக்கிறா. இன்னும் கொஞ்ச நேரத்துல பூசை முடிஞ்சு அண்ணன் படகு கெளம்பிரும். நீங்க எதையும் தொடாதீக. போனையும் வைக்காதீக."

அவர் சரி என்றார். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் இப்படி ஒரு சரி கேட்டதில்லை. அதற்குப் பின்னால் ஆனால் இல்லை, ஒரு முணுமுணுப்புகூட இல்லை. கையை மேசையிலிருந்து எடுத்துட்டேன் என்று அவராகவே வேறு சொன்னார்.

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு நான் இழைகளை மாற்றினேன். பச்சை லைட் எரிந்தது. நின்று எரிந்தது. எரியுது என்று காதுக்குள் அவர் மெதுவாகச் சொன்னார். அதைச் சத்தமாகச் சொன்னால் அணைந்துவிடும் என்று பயந்தவர் மாதிரி சொன்னார்.

டிவியில் நீலத் திரை போய் அண்ணன் மூக்கு வந்தது. போனுக்குள் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆள் தெரிந்ததும் பதறிப் பின்னால் நகர்ந்தார். அப்போதுதான் மற்றதெல்லாம் தெரிந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, படிய வாரின தலை. அவருக்குப் பின்னால் படகு ஆட்கள் அத்தனை பேரும் குளித்துச் சட்டை மாற்றி, கோயிலில் நிற்கிற மாதிரி கைகட்டி வரிசையாக நின்றார்கள். பூசைக்கு மணி அடிக்கிற நேரத்திலிருந்து அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. இருட்டுத் திரையைப் பார்த்து நின்றிருக்கிறார்கள். உட்காரலாம் என்று ஒருத்தர் சொன்னதற்கு, உட்கார்ந்த நேரத்தில் படம் வந்துவிட்டால் என்ன செய்வது என்று அண்ணன் கேட்டாராம்.

நான் கதவோரம் வந்து தலையை ஆட்டினேன். இடுப்பு வரைக்கும் சேர்ந்து ஆடியிருக்கும். சாமியார் ஒரு வலைக் கண்ணைத் தைத்து முடிக்காமலே ஆமென் சொல்லிவிட்டார். கூட்டம் சொன்ன ஆமெனில் அவ்வளவு பக்தியை நான் அந்தக் கோயிலில் கேட்டதே இல்லை.

சம்மதம் கேட்பதற்கு முன்னால் எங்களில் ஒரு வழக்கம் உண்டு. தாயும் தகப்பனும் பொண்ணின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைந்து அனுப்புவார்கள். மதினி வரைந்தார். அடுத்து தகப்பன் முறை. சாமியார் தயங்கினார். யாரும் இதை முன்னாலேயே யோசிக்கவில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா எழுந்து, தாய்மாமா போடட்டும் என்றார். மருமகள் அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. நேராக டிவிக்கு முன்னால் போனாள். முக்காட்டைத் தூக்கிவிட்டாள். ஸ்டூல் உயரம் குறைவு என்பதால் முழங்கால் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அண்ணன் கட்டைவிரலைத் தூக்கினார். விரல் பெரிதாகிக்கொண்டே வந்தது. டிவி இருண்டு போனது.

கோயிலே அய்யோ என்றது. என் கை பாய்ந்து போய் நீல இழையைப் பிடித்தது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் போச்சு.

"கை வைக்காத," என்றார் என் வீட்டுக்காரர் காதுக்குள். "இங்கன லைட்டு எரியுது. நான் எதையும் தொடல."

இங்கேயும் எரிந்தது. லைன் எங்கேயும் போகவில்லை. அண்ணன் விரல்தான் அங்கே கேமரா மேல் இருந்தது. இருட்டு மேலே கொஞ்சம் விலகியது, விரலோரம் சிவப்பாக ஒரு வெளிச்சம் தெரிந்தது, மேலிருந்து கீழே வழுக்கி இறங்கியது. பிறகு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனது. கயிறும் வலையும் இழுத்துக் காய்த்துப் போன விரல், அவசரமே இல்லாமல் போனது. ஆட்கள் ஒவ்வொருத்தராகப் புரிந்துகொண்டு அமைதியானார்கள். மருமகளுக்கு மட்டும் இந்தக் களேபரம் எதுவும் தெரியாது. அவள் கண்ணைத் திறக்கவே இல்லை.

படம் தெளிவா தெரியுதா என்று போனில் அவர் கேட்டார். கேபிள் ரூமில் உட்கார்ந்திருக்கிற அவருக்குப் பச்சை லைட்டைத் தவிர எதுவும் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்ன நடக்கிறது என்று சொன்னேன். பாதியில் நிறுத்திவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். மீதியைச் சொல்லு என்று அவர் கேட்கவில்லை, அந்தப் பக்கமும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

விரல் விலகினதும் அண்ணன் முகம் மறுபடி வந்தது, ஆனால் பனிமூட்டத்துக்குள் நிற்கிறவர் மாதிரி மங்கலாக வந்தது. விரலில் இருந்த எண்ணெயோ வேர்வையோ கேமரா மேல் அப்பிவிட்டது. கல்யாண வீடியோக்காரர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, கேமராவைக் கொஞ்சம் துணியால துடைக்கச் சொல்லுங்க, ரெக்கார்டிங்ல தெளிவா விழாது என்றார். அங்கே அண்ணன் அதைக் கேட்டுச் சட்டை நுனியைத் தூக்கினார்.

மருமகள் எழுந்து நின்றாள். "தொடைக்காதீங்கப்பா," என்றாள். "அது எனக்குப் போட்டது."

பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பி, சாமியார் கேட்கிறதுக்கு முன்னாலேயே சம்மதம் என்று சொல்லிவிட்டாள்.